தொட்டிக்குள் ஒரு அட்டெண்டன்ஸ்!

சாயங்காலம் ஏழு மணி. பீச் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று ஸ்டேஷனுக்கு ஒரு முழங்கை இடி வாங்கி, ஒருவழியாகத் திருவொற்றியூரில் இறங்குகிறீர்கள். (2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஏ.சி.யில் மிதந்து வருகிற பாக்கியசாலியாகவும் இருக்கலாம். பொறாமை இல்லை!) பிளாட் கேட்டுக்குள் கால் வைத்ததும் குப்பென்று அழுகிய முட்டை வாசனை.

"என்ன அண்ணே, யார் வீட்ல முட்டை கெட்டுப்போச்சு?"

வாட்ச்மேன் மூக்கைப் பிடித்தபடி சொல்கிறார்: "முட்டை இல்ல சார். கீழ எஸ்.டி.பி.!"

எஸ்.டி.பி. என்றால் ஏதோ டெலிபோன் பூத் சமாசாரம் என்று நினைத்தால் நீங்கள் பழைய ஆள். அது எஸ்.டி.டி. இது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பெரிய அடுக்குமாடி, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, கம்பெனி கேன்டீன் என்று பல இடங்களில் பார்க்கிங்குக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் தொட்டிகள். நீங்கள் ஃப்ளஷ்ஷை அழுத்தியதும் போகிற தண்ணீர் அங்கே சேர்ந்து, சுத்தமாகி, மறுபடி ஃப்ளஷ்ஷுக்கும் செடிகளுக்கும் வர வேண்டும். 'வர வேண்டும்' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். இந்த மாதிரி மீட்டிங்குகளில் நடக்கும் வழக்கமான வசனம் இது:

செக்ரட்டரி: "தம்பி, லேப் ரிப்போர்ட் நல்லாத்தானே வந்துது?"

ஆபரேட்டர்: "நல்லாத்தான் சார் வந்துது."

"பின்ன ஏன் நாறுது?"

"அது போன மாச ரிப்போர்ட் சார். இது இந்த வார நாத்தம்!"

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் தம்பி சொன்னதில் ஒரு பெரிய விஞ்ஞானம் இருக்கிறது.

மூணு நாள் கழித்து வரும் தெர்மாமீட்டர்

கழிவுநீர் எவ்வளவு சுத்தமாகியிருக்கிறது என்று பார்க்க லேபில் செய்கிற முக்கியமான சோதனைக்குப் பெயர் பி.ஓ.டி. மிச்சமிருக்கிற அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்ற கணக்கு. எண் கூடினால் அழுக்கு கூடுதல், குறைந்தால் சந்தோஷம்.

இந்தச் சோதனைக்குப் பிறந்த வீடு இங்கிலாந்து. அங்கே 20 டிகிரியில் 5 நாள் தண்ணீரை பாட்டிலில் மூடி வைப்பார்கள். ஏன் 5 நாள்? அந்த நாட்டில் எந்த ஆற்றுத் தண்ணீரும் 5 நாளுக்குள் கடலுக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டார்களாம். பாடப்புத்தகங்கள் இப்படித்தான் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு 20 டிகிரி எங்கே கிடைக்கும்? அதனால் இந்தியத் தர முறையில் 27 டிகிரியில் 3 நாள்.

3 நாள் என்பது பாட்டிலுக்கு மட்டும். சாம்பிள் எடுத்து, லேபுக்கு அனுப்பி, டைப் அடித்து, சீல் வைத்து வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். ஜுரம் அடிக்கிற குழந்தைக்கு தெர்மாமீட்டர் வைத்தால், "அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பாருங்க, எவ்வளவு டிகிரின்னு சொல்றோம்" என்கிற மாதிரி!

தொட்டிக்கு இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே தெரிய ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூட லேபில் வெங்காயத் தோலைப் பார்த்தோமே, அதே மைக்ராஸ்கோப்! ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர், பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

மெஷின் சுத்தம் செய்வதில்லை!

முதலில் ஒரு உண்மையை ஜீரணித்துக்கொள்ள வேண்டும். எஸ்.டி.பி.யில் அந்தப் பெரிய மோட்டாரோ பைப்போ தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை. 'டர்ர்ர்' என்று ஓடுகிற ப்ளோயர் தொட்டிக்குக் காற்று ஊதுகிறது, அவ்வளவே. சுத்தம் செய்கிறவர்கள் தொட்டிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்கள்.

முதல் ஷிப்டு பாக்டீரியா. தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று, கொழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னப் பஞ்சுத் திரளாக மாறும். அடுத்த தொட்டியில் காற்று கிடையாது. அங்கே இந்தப் பஞ்சு அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர். படிந்த பஞ்சில் ஒரு பங்கை மறுபடி முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். பழகின ஸ்டாஃபை யாராவது விடுவார்களா?

1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கண்டுபிடித்த சூட்சுமம் இது. அதுவரை கழிவுநீருக்குக் காற்று ஊதி, தெளிந்ததும் அடியில் இருந்த சகதியைக் கொட்டிவிடுவார்கள். இவர்கள் கொட்டாமல் வைத்துக்கொண்டு அடுத்த அழுக்குத் தண்ணீரை ஊற்றினார்கள். வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது! அவர்களுக்கு இந்த யோசனைக்கு விதை போட்டவர் கில்பர்ட் ஃபௌலர். அந்த ஃபௌலர் 1916-ல் நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். சகதி விஞ்ஞானமும் கூடவே ரயில் ஏறி வந்துவிட்டது.

இரண்டாவது ஷிப்டுதான் நம் கதாநாயகர்கள்: புரோட்டோசோவாக்கள். பஞ்சில் ஒட்டாமல் தனியாகச் சுற்றித் திரிகிற பாக்டீரியாக்களைப் பிடித்துத் தின்பதுதான் இவர்கள் உத்தியோகம். "வேலை செய்கிற பாக்டீரியாவையே தின்கிற களவாணிகள்" என்று ஒரு காலத்தில் இவர்கள் மேல் புகார்கூட இருந்தது. பெங்களூர் கழகத்தில் எஸ்.சி. பிள்ளை, வி. சுப்ரமணியன் இருவரும் 1942-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: கழிவுநீர் சுத்தமாவதில் புரோட்டோசோவாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று. (இந்த சுப்ரமணியன்தான் பிறகு மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டர்.) 1968-ல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் என்பவரும் சகாக்களும் சின்ன மாதிரித் தொட்டிகள் வைத்துச் சோதித்தார்கள். புரோட்டோசோவா இல்லாத தொட்டியில் கலங்கல் தண்ணீர். அவற்றை உள்ளே விட்டதும் தெளிவு! களவாணி என்று பேர் வாங்கியவர் கடைசியில் துப்புரவு இன்ஸ்பெக்டர்!

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்

சரி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடி, நூறு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஆபீஸ் களைகட்டியிருக்கும்.

அமீபா: புதிதாகச் சேர்ந்த அப்ரென்டிஸ். எங்கே போவது என்று தெரியாமல் நாலா பக்கமும் காலை நீட்டும். தொட்டியை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றால் இவர்தான் முதலில் கண்ணில் படுவார்.

ஃபிளாஜெல்லேட்: சாட்டை மாதிரி ஒரு வாலைச் சுழற்றிக்கொண்டு நெளிந்து ஓடுகிற சின்னப் பயல்கள். அழுக்கு ஏராளம், காற்று போதாது என்றால் இந்தக் கூட்டம் பெருகும்.

நீந்தும் சிலியேட்: உடம்பெல்லாம் மயிர் முளைத்த சேல்ஸ் ரெப்ரசென்டேடிவ். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். இவர் வந்தால் தொட்டி தேறி வருகிறது.

ஊரும் சிலியேட்: ஆஸ்பிடிஸ்கா இந்த ஜாதி. பஞ்சுத் திரளின் மேல் குட்டிக் குட்டியாக ஊர்ந்து, தூசி தட்டுகிற மாதிரி மேய்ந்துகொண்டிருக்கும். நல்ல அறிகுறி.

வோர்ட்டிசெல்லா: பர்மனென்ட் போஸ்டிங்! தலைகீழாகப் பிடித்த மணி மாதிரி தலை, நீளமான காம்பு, காம்பின் நுனி பஞ்சில் ஒட்டியிருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே சுழல் உண்டாக்கி, பாக்டீரியாவை வாய்க்கு வரவழைத்துச் சாப்பிடும். கண்ணாடியை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் மாதிரி 'டக்'கென்று சுருங்கும். மேனேஜர் வருகிறார் என்றதும் நாம் நிமிர்ந்து உட்காருவோமே, அதே வேகம். இவர்கள் நிறைய இருந்தால் வெளியே போகிற தண்ணீர் கண்ணாடி.

ரோட்டிஃபர்: சீனியர் ஆபீசர். பல செல்கள் கொண்ட உடம்பு. தலையில் இரண்டு சக்கரம் சுழல்கிற மாதிரி தெரியும். நிதானமான, வயதான தொட்டியில்தான் வருவார். இவரை வரவழைக்க வாரக்கணக்கில் ஒழுங்காகக் காற்று ஊதியிருக்க வேண்டும்.

இந்த வரிசையை அடிப்படையாக வைத்து, 1994-ல் இத்தாலியின் மடோனி என்ற விஞ்ஞானி தொட்டிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும் முறையை வகுத்தார். ஊர்பவர்களும் காம்புக்காரர்களும் அதிகமாக இருந்து, பல வகைகளும் கலந்திருந்தால் மார்க் ஏறும். சின்ன ஃபிளாஜெல்லேட் மட்டும் பெருகியிருந்தால் ஃபெயில். ஆரோக்கியமான தொட்டியில் லிட்டருக்குப் பத்து லட்சம் பேராவது இருப்பார்கள். அதாவது ஒரு சொட்டில் சுமார் ஐம்பது பேர். தலையை எண்ணி அட்டெண்டன்ஸ் போட ஒரு ஆபரேட்டரால் முடியாதா என்ன?

ராஜினாமா கடிதம்

ராத்திரி ப்ளோயர் நின்றுபோனது என்று வையுங்கள். காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வோர்ட்டிசெல்லா காம்பு இருக்கும், தலையைக் காணோம்! மூச்சு முட்டினால் அது காம்பை உதறிவிட்டு, வேறு நல்ல இடம் தேடி நீந்திப் போய்விடும். பெர்மனென்ட் ஸ்டாஃப் ராஜினாமா செய்கிறார் என்றால் ஆபீசில் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

ஒருவருமே அசையவில்லையா? விஷம்! பெரும்பாலும் கொலையாளி நம் பாத்ரூமிலிருந்தே வருவார். 'பளிச்' ஆகட்டும் என்று ஆசிட்டையும் பினாயிலையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே நாளில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினால், கீழே ஒரு ஆபீஸே காலி.

நீள நீளமாக நூல் மாதிரி பின்னிக்கொண்டு தெரிகிறதா? அது நூல் பாக்டீரியா. கொஞ்சம் இருந்தால் பஞ்சைக் கட்டிப்போட உதவும். பெருகினால் பஞ்சு படியாது. தலையணை மாதிரி உப்பி, தெளிந்த தண்ணீரோடு சேர்ந்து வெளியேறும். காற்று குறைவு, தொட்டிக்கு வருமுன்பே தேங்கி அழுகிய தண்ணீர் இவையெல்லாம் காரணங்கள். இன்னொரு ரகம் எண்ணெய்ப் பிரியர். பஜ்ஜி சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் இவர் குஷியாகி, தொட்டி மேல் பழுப்பு நுரையைத் திரட்டிவிடுவார்.

லேப் ரிப்போர்ட் 'பி.ஓ.டி. கூடிவிட்டது' என்று மட்டும் சொல்லும். ஏன் கூடியது என்று சொட்டுத் தண்ணீர் சொல்கிறது. அதுதான் வித்தியாசம்.

வடசென்னை ஸ்பெஷல்

நம்ம ஏரியாவுக்கென்று சில தலைவலிகள் தனி. கடலோரத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல் நுழைந்த கதை பல வருஷங்களாக விஞ்ஞானிகள் எழுதிவருவது. இந்த வாரம் லாரித் தண்ணீர், அடுத்த வாரம் போர் தண்ணீர் என்று மாற்றி மாற்றி விட்டால், தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு உப்பு திடீரென்று ஏறும். பாதிப் பேர் லீவு போடுவார்கள். மெல்ல மெல்ல மாற்றினால் பழகிக்கொள்வார்கள்.

"அதான் பாதாளச் சாக்கடை இருக்கே, கொடுங்கையூர் பார்த்துக்கும்" என்கிறீர்களா? அங்கேயும் இதே ஸ்டாஃப்தான் சார், கோடிக்கணக்கில்! வடசென்னையின் சாக்கடை கொடுங்கையூர் நிலையத்துக்குப் போகிறது. 2019-ல் அங்கே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் தொடங்கியது. முதல் கட்ட வேலையை இந்தப் பூச்சிகள் ஒழுங்காகச் செய்யாவிட்டால், பின்னால் இருக்கும் விலை உயர்ந்த ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொள்ளும். அத்தனை பெரிய தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் வர, காம்பில் உட்கார்ந்திருக்கிற வோர்ட்டிசெல்லா மனசு வைக்க வேண்டும்!

"பெரிய கம்பெனிக்காரன் விடறதை விடவா நம்ம பக்கெட் தண்ணி?" என்று டீக்கடையில் ஒரு கேள்வி வரும். நியாயமான கோபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதை ஊரே பார்த்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நூறு வீடுள்ள பிளாட்டில் நானூற்றைம்பது பேர். ஆளுக்கு நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் கழிவு என்றால் தினமும் சுமார் 50,000 லிட்டர்! தொட்டி செத்துக் கிடந்து, அந்தத் தண்ணீர் மழைநீர்க் கால்வாயில் இறங்கினால், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக அதே எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய கம்பெனிக் கழிவா, நம் வீட்டுக் கழிவா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ப்ளோயரை நிறுத்திய மிச்சம்

இப்போது சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரமாக வைப்போம்.

பல இடங்களில் நடப்பது இதுதான்: "கரண்ட் பில் எகிறுது, ராத்திரி ப்ளோயரை ஆஃப் பண்ணு தம்பி." தம்பி ஆஃப் செய்கிறார். ஆக்ஸிஜன் தீர்கிறது. காற்று தேவைப்படும் நல்லவர்கள் செத்து, காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் வருகிறது. அவர்கள் வெளியிடும் வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. கேட்டில் உங்கள் மூக்கில் ஏறிய முட்டை நாற்றம் அதுதான்.

அந்த வாயுவுக்கு ஒரு குரூரமான குணம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றமே தெரியாது! "இப்ப வாசனை இல்ல சார், இறங்கிப் பார்க்கறேன்" என்று ஒருவர் தொட்டிக்குள் இறங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி. இந்த மாதிரி மரணங்களின் கணக்கில் தமிழ்நாட்டின் பெயர் மேல்வரிசையில் இருப்பது நமக்குப் பெருமை இல்லை. பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. எந்த ரூபாயும் போன மனுஷனைக் கொண்டுவராது.

காலையில் ஒரு சொட்டைப் பார்த்து, "சார், காம்புல தலை இல்ல. காத்து பத்தல" என்று ஒரு ஆபரேட்டர் சொல்ல முடிந்தால், அதைக் கேட்கிற காது செக்ரட்டரிக்கு இருந்தால், தொட்டி அழுகும் நிலைக்கே போகாது. அழுகாத தொட்டியில் அவசரமாக ஆளை இறக்க வேண்டிய கட்டாயம் குறையும். பூச்சிகளின் உயிரோடு ஒரு தம்பியின் உயிரும் முடிச்சுப்போட்டு இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஒரு சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப். காற்று ஊதும் தொட்டியிலிருந்து புது சாம்பிள்; எடுத்த கையோடு பார்க்க வேண்டும், நேரமானால் பாட்டிலுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து காட்சி மாறிவிடும். கையுறை அவசியம், பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூடவே ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். பழுப்புப் பஞ்சு அடியில் இறங்கி மேலே தெளிந்தால் பாஸ். இறங்காமல் மிதந்தால் நூல்காரர் வேலை. இரண்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தால், இரண்டே மாதத்தில் உங்கள் தொட்டியின் குணம் உங்களுக்கு அத்துப்படி. ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது; நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதில்தான் விஷயம்.

மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாததும் உண்டு. தண்ணீரில் கன உலோகம் எவ்வளவு, நோய்க்கிருமி ஒழிந்ததா என்றெல்லாம் அது சொல்லாது. குடலிலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமிகளை எண்ண லேப்தான் வேண்டும். சட்டத்துக்குக் காட்டவும் லேப் ரிப்போர்ட்தான் செல்லும். ஆக, லேப்பை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் மாசா மாசம் போகிறவர் வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருப்பதில்லையா?

அடுத்த ஞாயிறு மீட்டிங்கில் 'லிஃப்டில் ஃபேன் ஓடவில்லை' என்ற அஜெண்டாவுக்கு நடுவில் இதையும் ஒரு வரி சேருங்கள். ஆபரேட்டர் தம்பியை உட்காரவைத்து, ஒருநாள் நீங்களும் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள். குட்டிப் பசங்களையும் கூட்டிவாருங்கள், டி.வி.யை மறந்துவிடுவார்கள்.

நாளைக் காலையில் ஆபீஸ் அவசரத்தில் ஃப்ளஷ்ஷை அழுத்தும்போது ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். கீழே இன்னொரு ஆபீஸ் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அங்கே இன்கிரிமென்ட் இல்லை, போனஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை. அவர்கள் கேட்பதெல்லாம் கொஞ்சம் காற்று!